பதுருன்னிசா அளந்த மூச்சு

ஆஸ்மாவின் வலது கண் சிவந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த கிளினிக்கில் முதலில் சாதாரணக் கண்வலி என்று ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். பிறகு வைரஸாக இருக்கும் என்று வேறொரு சொட்டு மருந்து. கண் எதற்கும் மசியவில்லை. சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்து வீட்டில் பகல் பதினொரு மணிக்கே திரைகளை எல்லாம் இழுத்துவிட்டு, துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு அவள் சோபாவில் சுருண்டு கிடந்தாள். முப்பத்தாறு வயது. துவாஸில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு இன்ஜினியர். பல்வலிக்குக்கூட லீவு எடுக்காதவள்.

உம்மா பதுருன்னிசா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"ஊசிய உள்ள விட்டுத் திருப்புற மாதிரி இருக்கு உம்மா. ஆனா கண்ணாடில பார்த்தா அவ்ளோ மோசமாத் தெரியல. டாக்டரும் அதான் சொன்னார். பார்க்க மைல்டாத்தான் இருக்காம்."

கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்த பதுருன்னிசாவின் கை நின்றுவிட்டது. பார்க்க லேசு, வலி மட்டும் உயிர் போகிறது. இதை அவள் முன்பே படித்திருக்கிறாள். எங்கே என்றுகூட நினைவு இருந்தது.

"லென்ஸ் போட்டுக்கிட்டே குளிப்பியா?"

"எப்பவாச்சும்."

"லென்ஸ் டப்பாவ எதுல கழுவுவே?"

"குழாயிலதான். சிங்கப்பூர் தண்ணி க்ளீன் லா, உம்மா."

பதுருன்னிசா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். உள்ளறையைப் பார்த்துக் கணவர் ஃபாரூக்கை அழைத்தாள். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மனைவியின் குரலில் அவசரம் தெரிந்தால் காரணம் கேட்க மாட்டார்.

"ஏங்க, டாக்சி கூப்பிடுங்க. கீழ கிளினிக்குக்கு இல்ல. கண் ஆஸ்பத்திரிக்கு."

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் வருண் முப்பதைத் தாண்டியிராத இளைஞர். விளக்கைப் பிடித்து ஆஸ்மாவின் கண்ணை வெகுநேரம் பார்த்தார். பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டினார். பதுருன்னிசா அவர் முடிக்கும் வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டர், அகந்தமீபாவான்னு ஒரு தடவை பார்க்க முடியுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கூகுள்ல படிச்சீங்களா ஆண்டி?"

"இல்ல. வளர்த்தேன். நாப்பது வருஷம்."

டாக்டர் வருண் சிரிக்கவில்லை. கருவிழியிலிருந்து ஒரு துளி சுரண்டி எடுத்துப் பரிசோதிக்கலாம், அதற்கு முன் ஒரு ஸ்கேன் செய்துவிடலாம் என்றார். ஆஸ்மாவை உள்ளே அழைத்துப் போனார்கள். ஃபாரூக் காப்பி வாங்கப் போனார். பதுருன்னிசா வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். யாரோ கிருமிநாசினி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அந்த நெடிக்கு அவள் மனம் கெண்ட் ரிட்ஜ் மலைக்கு ஓடிவிட்டது.

அந்த மலையில் இருந்த பல்கலைக்கழகத்தில் அவள் நாற்பத்திரண்டு வருடம் ஆய்வுக்கூட உதவியாளராக வேலை பார்த்தாள். 1980இல் சேர்ந்தபோது வயது இருபது. அதிராம்பட்டினத்திலிருந்து வந்த வாப்பா காதர் மைதீனுக்குத் தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை. இப்போதிருக்கும் மார்க்கெட் இல்லை, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பழையது. பள்ளிக்கூடம் விட்டதும் பதுருன்னிசா நேரே கடைக்குத்தான் போவாள். ஈரலைப் பார்த்தே ஆடு எப்படி மேய்ந்தது, வயிற்றில் பூச்சி இருந்ததா என்று வாப்பா சொல்லிவிடுவார். பார்த்துப் பார்த்து அவளுக்கும் அந்தக் கண் வந்துவிட்டது.

வேலைக்கான நேர்காணலில் டாக்டர் சிவகாமசுந்தரி அவளிடம் கேட்டது இரண்டே கேள்வி. முதல் கேள்வி, "கை நடுங்குமா?"

"ஆட்டு மூளைய உடையாம முழுசா எடுப்பேன் மேடம்."

பக்கத்தில் இருந்த இரண்டு அதிகாரிகளும் முகத்தைச் சுளித்தார்கள். சிவகாமசுந்தரி மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "திங்கட்கிழமை வர முடியுமா?" என்று கேட்டார். அதுதான் இரண்டாவது கேள்வி.

சிவகாமசுந்தரிக்கு அப்போது முப்பத்தேழு வயது. வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்தார். மற்றவர்கள் புற்றுநோயையும் நெல்லையும் ஆராய்ந்துகொண்டிருக்க, அவர் அகந்தமீபா என்ற அமீபாவின் மூச்சை ஆராய்ந்தார். ஏன் என்று கேட்டால் கோபம் வரும். "அது எப்படி உசுரோட இருக்குன்னு யாருக்கும் தெரிஞ்சுக்கத் தோணலியா?" என்பார்.

அமீபாவுக்கு ஒரே ஒரு செல்தான் உடம்பு. மூக்கில்லை, நுரையீரல் இல்லை, ரத்தம் இல்லை. ஆனாலும் அது மூச்சு விடுகிறது. அதற்குள்ளே மைட்டோகாண்ட்ரியா என்ற மிகச் சிறிய பைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் பைகளின் சவ்வில் நிறமிகள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. நம் ரத்தத்தைச் சிவப்பாக்குகிற இரும்பு எப்படி ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இவற்றிலும் இரும்பு உட்கார்ந்திருக்கிறது. தின்ற உணவிலிருந்து வரும் எலக்ட்ரானை ஒரு நிறமி அடுத்த நிறமியிடம் கொடுக்கும், அது அடுத்ததிடம் கொடுக்கும், கடைசி நிறமி அதை ஆக்ஸிஜனிடம் ஒப்படைக்கும். அந்தக் கைமாற்றலில்தான் உயிர் வாழ்வதற்கான சக்தி பிறக்கிறது. சைட்டோகுரோம் என்று அந்த நிறமிகளுக்குப் பெயர். முதல் வாரத்தில் இதைச் சிவகாமசுந்தரி ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். பதுருன்னிசா பார்த்துவிட்டு, "ஈரல்லயும் இதுதான் இருக்கா மேடம்?" என்று கேட்டாள். "ஈரல்லயும் இதுதான்" என்றார் அவர். அன்றிலிருந்து அவளுக்கு அந்த வேலை அந்நியமாகத் தோன்றவே இல்லை.

பெரிய குடுவைகளில் அமீபாவை வளர்ப்பாள். மழை மேகம் மாதிரி குடுவை கலங்கி வந்ததும் சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழலியில் போட்டு அடியில் சேர்ப்பாள். பிறகு நான்கு டிகிரி குளிர் அறைக்குள் போய், பனிக்கட்டி நிரப்பிய வாளியில் கண்ணாடிக் குழாயை நிறுத்தி, அதற்குச் சரியாகப் பொருந்தும் கண்ணாடித் தண்டால் மேலும் கீழுமாக ஆட்டி அவற்றை உடைப்பாள். பதினைந்து தடவை. பதினாறாவது தடவை ஆட்டினால் உள்ளே இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் உடைந்துபோகும். சிங்கப்பூர் வெயிலில் பஸ் ஏறி வந்து, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, விரல் மரத்துப்போக வேலை செய்வாள். மத்தியானம் வெளியே வரும்போது மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படியும். மறுபடி சுழலியில் போட்டால் அடியில் பழுப்பாக ஒரு கட்டி நிற்கும். அவ்வளவு உழைப்புக்கும் கிடைப்பது ஒரு கொத்தமல்லி விதை அளவு மைட்டோகாண்ட்ரியா. அதைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து ஒளியைச் செலுத்துவார்கள். ஒவ்வொரு நிறமியும் தனக்குரிய நிறத்தை விழுங்கிக்கொள்ளும். காகிதத்தில் கருவியின் பேனா மூன்று மேடுகள் வரையும். பச்சைப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு, ஆரஞ்சுப் பக்கம் தள்ளி ஒன்று. அந்த மூன்று மேடுகளும் நன்றாக எழும்பிவிட்டால் சிவகாமசுந்தரி அன்று எல்லாருக்கும் கேண்டீனில் டீ வாங்கிக் கொடுப்பார்.

1988இல் ஒரு முறை மேடுகள் எழும்பவில்லை.

அப்போது ஆஸ்மா பதுருன்னிசாவின் வயிற்றில் ஆறு மாதம். ஒரு புதிய ஆய்வுக்காக, அமீபாவுக்கு என்னென்ன கொடுக்கிறோம் என்று துல்லியமாகத் தெரிந்த ஓர் ஊட்டக் கரைசலை சிவகாமசுந்தரி தயாரிக்கச் சொன்னார். கொதிக்கவைத்தால் சில சத்துகள் கெட்டுவிடும் என்று மெல்லிய வெள்ளைச் சவ்வில் வடிகட்டிக் கிருமி நீக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அமீபா வளர்ந்தது, ஆனால் மந்தமாக. மைட்டோகாண்ட்ரியாவை எடுத்துப் பார்த்தால் பேனா கோடு கிட்டத்தட்டத் தட்டையாகப் போனது. ஒரு வாரம் இல்லை, மூன்று வாரம். ஒரு பிரிட்டிஷ் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்ப வேண்டிய நேரம் அது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சிவகாமசுந்தரி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். "பதுரு, எத்தனை தடவை ஆட்டினே? உடம்பு முடியலன்னா சொல்லணும். அரைகுறையாச் செய்யக் கூடாது."

பதுருன்னிசாவுக்குக் காது சுட்டது. பதினைந்துக்கு மேல் அவள் ஒரு நாளும் ஆட்டியதில்லை. குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அன்றைய குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் இருந்த கட்டி பழுப்பாக இல்லை. வெளிறிப்போய், பால் சேர்த்த மாதிரி இருந்தது. வாப்பாவின் கடையில் பூச்சி விழுந்த ஆட்டின் ஈரல் இப்படித்தான் இருக்கும். வாப்பா அதை விற்காமல் ஒதுக்கிவிடுவார். "ரத்தம் செத்த ஆடு" என்பார்.

அவளுடைய கைப்பையில் பிரசவ டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை இருந்தது.

குப்பைக் கூடையில் போட்டிருந்த வடிகட்டும் சவ்வைத் தேடி எடுத்தாள். வெள்ளைச் சவ்வின் நடுவில் மஞ்சளும் காவியுமாக ஒரு கறை. துருக் கறை. கரைசலில் போட்ட இரும்பு கரைந்து நிற்காமல் துருவாகத் திரண்டு, முழுவதும் வடிகட்டியிலேயே தங்கிவிட்டிருந்தது. அமீபாவுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

அதை எடுத்துக்கொண்டு போய் சிவகாமசுந்தரியின் மேசையில் வைத்தாள்.

"டாக்டர், நான் பதினஞ்சுதான் ஆட்டினேன். இதுங்களுக்குச் சோகை. இரும்பு எல்லாம் இதுல இருக்கு."

சிவகாமசுந்தரி சவ்வைப் பார்த்தார். பதுருன்னிசாவைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, தன் நாற்காலியை இழுத்து அவளை அதில் உட்காரவைத்தார். அடுத்த வாரம் இரும்பைச் சிட்ரேட்டோடு சேர்த்துக் கரையவைத்துத் தனியாக ஊற்றினார்கள். மூன்று நான்கு தலைமுறை பெருகியதும் கட்டி பழுப்பானது, மூன்று மேடுகளும் பழையபடி எழுந்து நின்றன. இரும்பு குறைந்தால் அமீபாவின் மூச்சு எப்படித் தளர்கிறது என்பதே பிறகு தனிக் கட்டுரையாக வந்தது. கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் பகுதியில் அவள் பெயர் இருந்தது. "நிறத்தைக் கண்டறிந்து சொன்ன" என்று இரண்டு மூன்று சொற்கள் அதிகமாகவே போட்டிருந்தார் சிவகாமசுந்தரி. வாப்பா அந்தப் பக்கத்தைக் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது.

"ஆண்டி, உள்ள வர்றீங்களா?"

டாக்டர் வருணின் குரல் அவளை ஆஸ்பத்திரி பெஞ்சுக்குக் கொண்டுவந்தது. ஸ்கேனில் வட்ட வட்டமாகச் சில உருவங்கள் தெரிகின்றன, அநேகமாக நீங்கள் சொன்னதுதான், இன்றே மருந்தைத் தொடங்கிவிடுகிறோம் என்றார். சுரண்டி எடுத்ததைத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் நான்கைந்து நாளில் உறுதியாகிவிடும்.

ஐந்தாம் நாள் உறுதியானது. அன்று டாக்டர் வருண் ஒரு காரியம் செய்தார். ஆய்வுக்கூடத்தில் எடுத்த ஒரு சிறிய வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். பதுருன்னிசாவுக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

திரையில் அது நகர்ந்தது. உடம்பெங்கும் முள் மாதிரி மெல்லிய கைகளை நீட்டி, இழுத்து, வழிந்து வழிந்து போனது. நடுவில் ஒரு நீர்க்குமிழி மெல்லப் பெருத்தது, பெருத்தது, சட்டென்று சுருங்கி மறைந்தது. மறுபடி பெருக்கத் தொடங்கியது. அந்தக் குமிழியை எத்தனை காலைகளில் அவள் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறாள். குமிழி துடித்தால் குடுவையில் வளர்வது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. பதுருன்னிசாவின் முகம் தன்னை அறியாமல் மலர்ந்தது.

அந்த நொடியே அவளுக்கு உறைத்தது, இது எங்கிருந்து எடுத்தது என்று. பக்கத்து நாற்காலியில் கண்ணைக் கட்டிக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். கட்டாத கண்ணால் உம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்மா வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள். "நாப்பது வருஷம் அத ஊட்டி வளர்த்தீங்க. இப்ப என்னைத் தின்னுது. நீங்க அதப் பார்த்துச் சிரிக்கிறீங்க."

பதுருன்னிசாவுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சிகிச்சை லேசாக இல்லை. முதல் இரண்டு நாள் இரவு பகலாக மணிக்கு ஒரு தடவை இரண்டு வகைச் சொட்டு மருந்து. பிறகு விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு சொட்டும் நெருப்பாக எரிந்தது. ஃபாரூக் தன் பஸ் கால அட்டவணை மாதிரி ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் நேரம் குறித்து, குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினார். ஒரு நிமிடம் தவறவில்லை.

இரண்டாம் வாரத்தில் பதுருன்னிசா சிவகாமசுந்தரிக்கு போன் செய்தாள். அவருக்கு இப்போது எண்பத்தொரு வயது, பாசிர் ரிஸில் தங்கை வீட்டில் இருக்கிறார்.

"டாக்டர், நம்ம அமீபா ஆஸ்மா கண்ணுல வந்துருச்சு."

"எந்த வகை? டி-ஃபோரா?" என்று கேட்டார் சிவகாமசுந்தரி. உடனே குரல் தடுமாறியது. "சீ, மன்னிச்சுக்கோ பதுரு. புள்ள எப்படி இருக்கான்னுல முதல்ல கேட்டிருக்கணும்."

அந்தத் தடுமாற்றத்தைக் கேட்டதும் பதுருன்னிசாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தானும் அதையேதானே செய்தாள். பிறகு, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா? ஒரு சர்க்குலர் வந்துச்சே, லென்ஸ் போடறவங்க தண்ணில கழுவக் கூடாது, இந்த அமீபா கண்ணுல வரும்னு. நான்தான் நோட்டீஸ் போர்டுல குத்தினேன். அதுல எழுதியிருந்தது இப்பவும் மனப்பாடம், பார்க்க லேசா இருக்கும், வலி அதிகமா இருக்கும்னு. அதுக்கு அப்புறம் எத்தனையோ வருஷம் கழிச்சு பாலிடெக்னிக்ல சேர்ந்தப்ப ஆஸ்மாவுக்கு முதல் லென்ஸ் வாங்கிக் குடுத்தது நான். ஒரு வார்த்தை சொல்லல டாக்டர். அது ஆய்வுக்கூடத்து விஷயம்னே நினைச்சிட்டேன்."

மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "நாம அதோட மூச்சை மட்டுமே பார்த்தோம் பதுரு. அது எங்கெல்லாம் இருக்குன்னு பார்க்கல. என்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லு."

அன்றைக்குச் சொல்லவில்லை. ஆறாவது வாரம்தான் சொன்னாள்.

ஆறாவது வாரத்தில் ஆஸ்மாவின் வலி நின்றிருந்தது. சிவப்பு வடிந்திருந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடிந்தது. ஒரு நாள் மத்தியானம் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பதுருன்னிசா சொட்டு மருந்தோடு வந்தபோது அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"போதும் உம்மா. எனக்குச் சரியாயிருச்சு. இன்னும் நாலு மாசம் போடணும்னு டாக்டர் சொல்றது சும்மா சேஃப்டிக்கு. அந்த வேலைதானே நானும் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"அது சாகல ஆஸ்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதுருன்னிசா மருந்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அளந்திருக்கேன்" என்றாள்.

பல வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. அமீபா எவ்வளவு வேகமாக ஆக்ஸிஜனை இழுக்கிறது என்று அளக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். மூடிய கண்ணாடி அறைக்குள் அமீபா மூச்சு விட விட, வெளியே காகிதத்தில் பேனா சரிந்துகொண்டே இறங்கும். நன்றாகத் தின்ற அமீபா என்றால் சறுக்குமரம் மாதிரி இறங்கும். உணவை நிறுத்திவிட்டால் அது உடம்பைச் சுருக்கி, இரண்டு அடுக்குச் சுவர் கட்டி, கூட்டுக்குள் போய்விடும். நாளுக்கு நாள் சரிவு குறையும். மைட்டோகாண்ட்ரியா சுருங்கும். கூடு கட்டி முடித்தவற்றைப் போட்டு அளந்தபோது பேனா நேர்கோடாகப் போனது. பதுருன்னிசா ஒரு மணி நேரம் நின்று பார்த்தாள். ஒரு அரிசி அகலம்கூட இறங்கவில்லை.

"செத்துருச்சுன்னு நினைச்சு எல்லாத்தையும் கொட்டப் போனேன். சிவகாமசுந்தரி டாக்டர் கையப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. ஒரு தட்டுல போட்டு தீனி வச்சோம். மூணு நாள் ஒண்ணும் இல்ல. நாலாம் நாள் காலைல பார்க்கிறேன், வெறும் கூடுங்க காலியாக் கிடக்கு, தட்டு பூரா அதுங்க ஓடுது. உன் கண்ணுல இப்ப ஓடறதெல்லாம் செத்திருக்கும். கூட்டுக்குள்ள இருக்கறது அப்படியே இருக்கும். மூச்ச அடக்கிக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கும். உனக்கு வலிக்காது. மருந்த நிறுத்தினா வெளிய வரும்."

ஆஸ்மா உம்மாவையே பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் உன் உம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டபோது, "அமீபா மூச்சு விடுறத எண்ணுறாங்க" என்று அவள் சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து அவள் சண்டை போட்டாள். வேறு ஏதாவது வேலைக்குப் போகக்கூடாதா என்று.

பதுருன்னிசா மூச்சை இழுத்துக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லணும்" என்று தொடங்கி அந்தச் சர்க்குலரைப் பற்றிச் சொன்னாள். நோட்டீஸ் போர்டு, குண்டூசி, லென்ஸ் வாங்கிய கடை, தான் பேசாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"லென்ஸ் பெட்டிலயும் அதேதான் போட்டிருக்கு உம்மா" என்றாள். "தண்ணில கழுவாதேன்னு. பதினெட்டு வருஷமா பெட்டியப் பிரிக்கிறேன். ஒரு தடவைகூடப் படிக்கல. நான்தான் பிளாண்ட்ல எல்லாரையும் லேபிள் படின்னு திட்டறவ."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை விரித்துக் காட்டினாள். "போடுங்க. எரியும்னு எனக்குத் தெரியும், நீங்க ஸாரி சொல்ல வேணாம்."

அந்த நாலு மாதம் அவர்களுக்குள் பேச்சு வளர்ந்தது. ஒரு சொட்டு மருந்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து நிமிடம் விட வேண்டும். அந்த ஐந்து நிமிடங்களில் ஆஸ்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது கேட்பாள். பதுருன்னிசா சொல்வாள். பழைய தேக்கா மார்க்கெட்டின் ஈரத்தரை, வாப்பாவின் தராசு, முதல் சம்பளத்தில் தன் உம்மாவுக்கு எடுத்த சேலை, கெண்ட் ரிட்ஜுக்கு ஏறிப் போகும் பஸ்ஸில் ஃபாரூக் ஓட்டுநராக இருந்தது. அவள் முன் கதவில் ஏற இடம் கிடைக்கும் வரை அவர் எப்போதும் வண்டியை எடுக்காமல் நின்றது. "அவருக்கு அதுக்கு ரெண்டு தடவை வார்னிங் லெட்டர் வந்துச்சு" என்றபோது ஆஸ்மா கண்ணைத் திறந்துவிட்டாள். மருந்து கன்னத்தில் வழிந்தது. இன்னொரு சொட்டு விட வேண்டியதாயிற்று.

மாதம் ஒரு முறை ஸ்கேன். கூடுகள் குறைந்துகொண்டே வந்தன. ஆறாவது மாத முடிவில் ஒன்றும் இல்லை. டாக்டர் வருண் மருந்தை நிறுத்தச் சொன்னார். கருவிழியின் ஓரத்தில் மெல்லிய தழும்பு ஒன்று நின்றுவிட்டது. எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தைய வரிசை வரை ஆஸ்மா படித்தாள். கடைசி வரிசை கலங்கியது. இரவில் விளக்குகளைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம் தெரியும், அது போகாது என்றார். தாமதித்திருந்தால் கருவிழியையே மாற்ற வேண்டியிருந்திருக்கும் என்பதையும் சொன்னார். பதுருன்னிசாவைப் பார்த்து, "எங்க ஜூனியர்ஸுக்கு ஒரு நாள் வந்து பேசுவீங்களா ஆண்டி?" என்று கேட்டார்.

"எனக்குக் கண்ணப் பத்தி ஒண்ணும் தெரியாதே தம்பி."

"அமீபாவப் பத்தி பேசுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே லிட்டில் இந்தியாவுக்குப் போனார்கள், மூன்று பேரும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இல்லாத ஒரு வியாழக்கிழமை. தேக்காவில் மாடிப்படிக்குப் பக்கத்து மேசை கிடைத்தது. ஃபாரூக் பிரியாணி வாங்க வரிசையில் நின்றார். ஆஸ்மா புதிதாக வாங்கிய மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அது அவளுக்கு வாப்பா காதர் மைதீனின் சாயலைக் கொடுத்தது.

"உம்மா, உங்களுக்கு இப்பவும் அத வெறுக்கத் தோணலியா?"

அந்தப் பக்கம் மார்க்கெட்டில் யாரோ எலும்பு வெட்டும் சத்தம் கேட்டது.

"உன் கண்ணப் பார்த்தப்பல்லாம் வெறுத்தேன்" என்றாள். "ஆனா வீட்டுல தனியா இருக்கும்போது அந்த வருஷங்க ஞாபகம் வரும். அது இல்லாம எனக்கு அந்த வருஷங்க இல்ல. என்ன பண்றதுன்னு தெரியல."

ஆஸ்மா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபாரூக் தட்டுகளோடு வந்து இஞ்சி டீக் கடையைக் காட்டினார். "ஒரு தே ஹாலியா சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"ரெண்டு சொல்லுங்க வாப்பா" என்றாள் ஆஸ்மா. "உம்மா கதை சொல்ல ஆரம்பிச்சா ஒண்ணு பத்தாது."